சூயஸ் வழியாக ஓர் ஓரா மீன்

தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். சூயஸ் கால்வாயின் பெயரை என் மனைவி மதியின் பெயரைவிட அதிகம் உச்சரித்திருப்பேன். சரக்கு சூயஸைத் தாண்டிவிட்டதா, சூயஸில் வரிசையில் நிற்கிறதா, செங்கடலில் பிரச்சினை என்று ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகிறதா என்று போனில் யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். நானும் பக்கத்துத் தெருவில் இருப்பதைப்போல விவரமாகப் பதில் சொல்வேன். உண்மையில் அந்தக் கால்வாயை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அதனால் இந்த மார்ச் மாதம் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலேர்மோவுக்குக் கிளம்பியபோது ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கினேன். எகிப்தின் மேல் பறக்கும் நேரத்தையும் விசாரித்து வைத்திருந்தேன். கண் விழித்தபோது கீழே நீலமாக மத்தியதரைக் கடல் கிடந்தது. பக்கத்தில் இருந்த மலையாளி நர்ஸ், கால்வாய் எப்போதோ போய்விட்டது என்றாள். வாயைத் திறந்துகொண்டு அவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேனாம், எழுப்ப மனம் வரவில்லையாம். மேலேயிருந்து தவறவிட்ட கால்வாய் அதே வாரத்தில் என் சாப்பாட்டுத் தட்டுக்கே வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பலேர்மோவில் மதி இருந்தாள். மீன்வளக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். அங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் ஆறு மாத ஆராய்ச்சிக்காகப் போயிருந்தாள். ஆராய்ச்சி, சூயஸ் வழியாக இந்தப் பக்கம் வந்து குடியேறிய மீன்களைப் பற்றி. வீட்டில் கணவனும் சூயஸ், மனைவியும் சூயஸ் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்குக் கால்வாயின் மேலே போவது சோறு போடுகிறது, அவளுக்குக் கால்வாயின் உள்ளே போவது.

விஷயம் இதுதான். 1869இல் பாலைவனத்தை வெட்டி, செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைத்தார்கள். கூடையும் மண்வெட்டியுமாக எகிப்தின் ஏழை விவசாயிகளை வதைத்து வெட்ட வைத்த கால்வாய் அது. நடுவில் மதகு கிடையாது, கதவு கிடையாது. வழியில் இருந்த ஏரிகளின் கடும் உப்பு மட்டும் வெகுகாலம் மீன்களைத் தடுத்து நிறுத்தியது. உப்புக் கரையக் கரைய நம் பக்கத்து மீன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. கால்வாய் வெட்டியவர்கள் கப்பலைத்தான் நினைத்தார்கள். மீனை யாரும் நினைக்கவில்லை.

மதி தேடியது ஓரா. நம் கரைகளில் ஓரா தெரியாதவர்கள் இல்லை. சின்ன வாய், வழுவழுப்பான தோல், முதுகில் வரிசையாக முள். அந்த முள் குத்தினால் கை விண்விண்ணென்று தெறிக்கும். இத்தாலியர்கள் இதை முயல் மீன் என்கிறார்கள். பாசியை மேய்ந்தே கடலடியை மொட்டையாக்கிவிடுகிறது என்று அவர்களுக்குக் கவலை. சிசிலித் தீவின் தெற்கே பிடிபட்டவை மதியிடம் இருந்தன. வடக்கே, பலேர்மோப் பக்கம் பிடிபட்ட ஒரு மீன்தான் கைக்கு வரவில்லை. மீனவர்கள் போனில் படம் அனுப்புவார்கள். இவள் அடித்துப் பிடித்துக்கொண்டு போவதற்குள் முள்ளுக்குப் பயந்து மீனைக் கடலிலேயே வீசியிருப்பார்கள். படத்தை வைத்து ஆராய்ச்சியை முடிக்க முடியாது. வரும் புதன்கிழமை நிறைவுக் கூட்டம். அதற்குள் மீன் வராவிட்டால் ஆறு மாத உழைப்பில் முக்கியமான பகுதி காலி என்று போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். ஆறுதல் சொல்லத்தான் நான் விடுப்பு எடுத்துப் போனேன். கூடவே தூத்துக்குடி மக்ரூனும் எடுத்துப் போனேன்.

வியாழக்கிழமை இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் ரயில் பாதி வழியில் நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். கையில் ஒரு கட்டு ஆர்ட்டிசோக் காய்கறியோடு நின்ற பெரியவர் என்னைப் பார்த்து நீளமாகப் பேசினார். அருகில் நின்ற கல்லூரி மாணவி அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். "ரயில் இன்றைக்குப் போகாதாம். நாளைக்கும் போகாமல் இருக்கலாமாம். ஆனால் வெயில் நன்றாக இருக்கிறது என்கிறார்."

மாற்றுப் பேருந்து வந்தது. ஓட்டுநர் நடுவில் நிறுத்தி, இறங்கி, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. நம் ஊரில் டீக்கடையில் நிறுத்தும் ஓட்டுநரின் நினைவு வந்து எனக்கு உற்சாகமாகிவிட்டது. பெட்டியைத் திறந்தபோதுதான் மக்ரூன் மொத்தமும் மாவாகிப் போயிருந்தது தெரிந்தது.

மதி தங்கியிருந்தது பல்லரோச் சந்தைக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில். வீட்டுக்காரி பிலோமினா அக்காவும் அவர் கணவர் தாஸ் அண்ணனும் மன்னார்த் தீவின் பேசாலையைச் சேர்ந்தவர்கள். அக்கா காலையில் ஒரு வயதான சின்யோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்ளப் போவார். தாஸ் அண்ணனுக்குப் பருவ காலத்தில் சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் ஆரஞ்சு பறிக்கும் வேலை. பிள்ளைகள் மிலானோவில் வேலைக்குப் போய்விட்டதால் ஓர் அறையை மதிக்குக் கொடுத்திருந்தார்கள். வாடகைக்கு விட்டார்கள் என்பது பெயருக்குத்தான். மதி தன் கையால் சமைத்து வெகு நாளாகிவிட்டது என்பது அவள் கன்னத்திலேயே தெரிந்தது.

"வாங்கோ தம்பி. படி ஏறிக் களைச்சுப் போனியள். முதல்ல தண்ணி குடியுங்கோ, பிறகு கதைப்பம்" என்றார் அக்கா. மாவாகிப் போன மக்ரூனை ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, இப்படியே சாப்பிடுவதுதான் வசதி என்று என் மானத்தையும் காப்பாற்றினார்.

அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது பால்கனி. மேலேயிருந்து கயிற்றில் கூடை இறக்கினால் கீழே ரொட்டிக்காரர் ரொட்டியைப் போட்டு அனுப்புவார். அந்தப் பால்கனியின் மூலையில் ஒரு பெரிய தொட்டியில் கறிவேப்பிலை நின்றது. ஊருக்குப் போய்த் திரும்பியபோது ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த கன்றாம். குளிர்காலத்தில் அதற்கும் ஒரு போர்வை உண்டு. பலேர்மோவின் பாதித் தமிழ் வீடுகளில் அந்தச் செடிதான் மணக்கிறது என்று மதி சொன்னாள். அக்கா மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மதி வேலைக்குப் போகும் வழியில் பல்லரோவைச் சுற்றிக் காட்டினாள். வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவுகிறார்கள், நம் மீன் ஏலக்கூடத்தின் சத்தம்தான். வாள்மீனின் தலையை வாள் மேலே நிற்கும்படி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மத்தி மீன் குவியல் குவியலாகக் கிடந்தது. பங்களாதேஷ்காரரின் கடையில் பச்சை மிளகாயும் முருங்கைக்காயும் தேங்காய்ப் பால் டின்னும் இருந்தன. பனெல்லே என்று ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கடலை மாவை வேகவைத்துத் துண்டாக்கிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லாத பஜ்ஜி. இரண்டு தின்றேன்.

அன்று மாலை பயணக் களைப்பில் நான் அடித்துப் போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தபோது மதி வந்து உலுக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. ஊருக்கு வெளியே உள்ள ஒரு சின்ன மீன்பிடித் துறையிலிருந்து போன் வந்ததாம், ஓடினாளாம், இந்த முறை மீனவர் மீனை வாளியில் போட்டு வைத்திருந்தாராம்.

"கிடைச்சிருச்சுங்க. ஒரு சாணுக்கு மேல இருக்கு. படம் எடுத்து, அளந்து, ஐஸ்ல வச்சுட்டேன்."

நான் அவள் தலையில் கை வைத்து ஏதோ வாழ்த்தினேன் என்று நினைக்கிறேன். மீன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டு மறுபடி தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை பேய்க்காற்று. துறைமுகத்தில் படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன. தாஸ் அண்ணன் என்னைப் பெல்லெக்ரீனோ மலைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு குகைக்குள் சாந்தா ரோசாலியாவின் கோயில் இருக்கிறது. பலேர்மோவின் காவல் புனிதை. ஏறும் வழியில் பார்த்தால் கூட்டத்தில் பாதி நம் ஆட்கள். ஜெபமாலை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், நெற்றியில் திருநீறு பூசியவர்களும் இருந்தார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கல் பாதையில் நடந்தார்கள். மேலே போகும் பேருந்து காற்றில் மரக்கிளை விழுந்து நின்றுவிட்டதால் நாங்களும் நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நான் காட்சியை ரசிப்பதாகச் சொல்லி மூச்சு வாங்கிக்கொண்டேன்.

ஒரு வளைவில் துறைமுகம் முழுவதும் தெரிந்தது. அங்கேதான் தாஸ் அண்ணன் தன் கதையைச் சொன்னார். இளமையில் சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல் உதவியாளாக இருந்தவர். சூயஸைக் கண்ணால் பார்த்த ஒருவர் என் முன்னால் நிற்கிறார் என்று எனக்குப் பரபரப்பாகிவிட்டது. எப்படி இருக்கும், எப்படி இருக்கும் என்று நச்சரித்தேன்.

"நீங்கள் நினைக்கிற மாதிரிப் பெரிசா ஒண்டும் இல்லைத் தம்பி. ரெண்டு பக்கமும் மணல். கப்பல் தரையில ஊருற மாதிரி இருக்கும். கரையில ஒருத்தன் கழுதையோட நடந்து போவான். நாங்கள் அவனைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்."

கப்பல்கள் வரிசைகட்டிப் போகும் என்பதையும், கயிறு கட்டுவதற்கென்று ஏறும் எகிப்தியர்கள் தளத்திலேயே துணி விரித்துப் பொம்மைக்கடை போட்டுவிடுவார்கள் என்பதையும் சொன்னார். அந்தக் கப்பல் பழுது பார்க்கப் பலேர்மோவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தாஸ் அண்ணன் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று இறங்கினார். "பூசைக்கு எண்டுதான் இறங்கினனான். இன்னும் பூசை முடியேல்லை" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

மதியின் ஓராவைப் பற்றியும், ஆய்வகத்தில் அதைப் பாட்டிலில் போட்டு வைப்பார்கள் என்பதையும் சொன்னேன். அவர் கடலை நோக்கிக் கையை நீட்டினார். பிறகு, "அப்ப நானும் அதுவும் ஒரே வழியாலதான் வந்திருக்கிறம். அதுக்குப் பெர்மெஸ்ஸோ தேவையில்லை, குவெஸ்தூராவில போய் வரிசையில நிக்கத் தேவையில்லை. ஆனா என்னை ஒருத்தரும் போத்தலுக்க போடேல்லை" என்றார். பெர்மெஸ்ஸோ என்பது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, குவெஸ்தூரா அதைக் கொடுக்கும் காவல் அலுவலகம். அந்த இரண்டு சொற்களும் இல்லாமல் இங்குள்ள தமிழர்கள் ஐந்து நிமிடம் பேசி நான் கேட்கவில்லை.

திரும்பும்போது எங்கள் பக்கத்துக் கால்வாய்க் கதையும் வந்தது. பாக் நீரிணையில் ஆழம் தோண்டிக் கப்பல் விடப்போகிறோம் என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பேசுகிறார்கள். அதற்காகத் தூத்துக்குடி டீக்கடைகளில் குடித்த டீயை ஊற்றினாலே ஒரு படகு மிதக்கும். எதிர்க்கரையில் மன்னாரிலும் அதே பேச்சுத்தான் என்றார் தாஸ் அண்ணன். அவர்கள் கவலை வேறு. தோண்டினால் மீன் என்ன ஆகும் என்பது.

ஞாயிற்றுக்கிழமை. இனிமேல்தான் இருக்கிறது.

மதி காலையிலேயே கூட்டத்துக்கான படங்களைத் தயார் செய்ய ஒரு சக ஆராய்ச்சியாளரின் வீட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன், காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் அக்காவோடும் அண்ணனோடும் தமிழ்ப் பூசைக்குப் போனேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றாலும் பலேர்மோவில் அத்தனை பேர் ஒன்றாகத் தமிழில் பாடுவதைக் கேட்டபோது நானும் கூடச் சேர்ந்து முணுமுணுத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது தவக்காலம். பிலோமினா அக்கா ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை என்று நேர்ந்திருந்தார். ஆனால் தூத்துக்குடியிலிருந்து வந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வெறும் மரக்கறியைப் போட்டு அனுப்பினால் அவருக்கு அந்த வாரம் தூக்கம் வராது. ஆகவே மீன்தான் வேண்டும். காற்றில் படகுகள் போகவில்லை. பூசை முடிந்து பல்லரோவுக்குப் போனால் பண்ணையில் வளர்த்த மீன்தான் பளபளவென்று கிடந்தது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். முகம் வாடிப்போய் வீட்டுக்கு வந்தார்.

ஆனால் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது குத்தரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல், நடுவில் மஞ்சளாக ஒரு சட்டி மீன் சொதி. ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஓரா. தேங்காய்ப் பாலும் வெந்தயமும் எலுமிச்சைப் புளியும் சேர்ந்து, கறிவேப்பிலை மணத்தோடு அந்த மெத்தென்ற சதை. பேச்சு நின்றுவிட்டது. எனக்கு இரண்டு துண்டு, அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு வால். மீன் ஏது என்று கேட்டேன். "கடவுள் தந்தது. சாப்பிடுங்கோ" என்றார் அக்கா. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். கடைசியில் சியாகுல்லி மந்தரினை உரித்துக்கொண்டே, மதியை எப்படிக் கிண்டல் செய்வது என்று திட்டமும் போட்டேன். தட்டுகளில் மிஞ்சிய முள்ளைத் தாஸ் அண்ணன் வழக்கப்படி கீழே போய்த் தெருப் பூனைகளுக்கு வைத்தார்.

மதி வந்தாள். கதவைத் திறந்ததும் ஆரம்பித்தேன்.

"நீ ஆறு மாசமா ஊரெல்லாம் அலைஞ்சு தேடின மீனை அக்கா அரை நாள்ல பிடிச்சுட்டாங்க. சொதியும் வச்சுட்டாங்க."

"எந்த மீன்?"

"ஓராதான். சாப்பிட்டுப் பாரு, அமிர்தம்."

அவள் பையைக்கூட இறக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள்.

"அக்கா, இங்க ஒரு பை இருந்துச்சே."

"ஓம் பிள்ளை. அதைத்தானே சமைச்சனான்."

வெள்ளிக்கிழமை மீனோடு வந்தபோது ஆய்வகத்தைப் பூட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை எடுத்துப் போகலாம் என்று வீட்டு ஃப்ரீசரிலேயே வைத்திருந்தாள். அக்கா அன்று மாலையும் சின்யோரா வீட்டில் இருந்ததால் சொல்லவில்லை. மறுநாள் சொல்ல மறந்துவிட்டாள். ஞாயிறு காலை கடவுளை நொந்துகொண்டு ஃப்ரீசரைத் திறந்த அக்கா, ஊரைவிட்டு வந்தபிறகு ருசித்தே அறியாத ஓராவைக் கண்டார். கணவன் வந்திருக்கிறான் என்று மதி எங்கேயோ தேடி வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள், பாவம், சமைக்கத்தான் நேரமில்லை என்று புரிந்துகொண்டார். வேறு எந்த ஊர்ப் பெண் அந்தப் பையைத் திறந்திருந்தாலும் முள்ளைப் பார்த்து மூடி வைத்திருப்பாள். பேசாலைக்காரிக்கு அது மீன்.

மதி அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விஷயம் புரிந்ததும் அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

எட்டிச் சட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு மதி கேட்டாள். "தலை எங்கக்கா? சொதில தலையைக் காணோமே."

"ஐஸில கிடந்து செவுள் கறுத்துப் போச்சு. கறிக்குப் போடேல்லை."

"குப்பையிலயா?"

"இல்லைப் பிள்ளை. கறிவேப்பிலைக்கு."

மீன் கழுவிய தண்ணீரும் கழிவும் செடிக்குத்தான் போகும் என்பது அந்த வீட்டு வழக்கம். முள் யாரையும் குத்தக்கூடாது என்று முதலில் செட்டைகளையும் முள்ளையும் கத்தரித்துத் தாளில் சுற்றி, தலை, குடலோடு சேர்த்துத் தொட்டியில் ஆழமாகப் புதைத்திருந்தார். மதி எழுந்துவிட்டாள். மரபணுச் சோதனைக்குச் செட்டையில் ஒரு துணுக்கு, வயதைக் காட்டத் தலைக்குள் இருக்கும் காதுக்கல், தின்றதைக் காட்டக் குடலில் கிடக்கும் பாசி. அவளுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்தத் தொட்டிக்குள் இருந்தது.

தாஸ் அண்ணன் மெல்ல, இந்தக் காற்றில் வேர் அறுந்தால் செடி போய்விடும், ஓரமாகக் கரண்டியால் தோண்டலாம் என்றார். கரண்டி பட்டுத் தலை உடைந்தால் காதுக்கல் போய்விடும் என்றாள் மதி, குரல் இறங்கி. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவர் அதற்குள் பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டார். இரண்டு கையாலும் தொட்டியைச் சாய்த்து, செடியின் தூரைப் பிடித்து மண்ணோடு உருவிப் போட்டார். வேர்கள் பட்பட்டென்று அறுபட்ட சத்தம் கேட்டது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

நான்கு பேரும் மண்டியிட்டு மண்ணைக் கையால் அளைந்தோம். காப்பித் தூள், முட்டை ஓடு, எப்போதோ புதைத்த இறால் தோல் எல்லாம் வந்தன. தாள் பொட்டலத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான், விரலால். முள் ஏறியதும் நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மதி பாய்ந்து என் கையைப் பிடித்தாள். விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முனை உடையலையே?" என்றாள். முள்ளின் முனையைத்தான் கேட்டாள். அக்காதான் சுடுதண்ணீர் கொண்டுவந்து என் கையை அதில் வைத்தார்.

தலை முழுதாகக் கிடைத்தது. மதி எல்லாவற்றையும் கழுவி, பெட்டியில் போட்டு மூடினாள். அப்போது அக்கா உள்ளே போய் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தார். உள்ளே சொதியில் கிடந்தது மீனின் நடுத் துண்டு, இருந்ததிலேயே பெரியது. சாப்பாட்டுக்கு வராதவருக்குப் பங்கு எடுத்து வைக்காமல் அந்த வீட்டில் யாரும் உட்காருவதில்லை.

"உமக்கெண்டு எடுத்து வைச்சது. இதையும் போத்தலுக்க போடும் பிள்ளை."

மதி அதைப் பார்த்தாள். "வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு அதை ஃப்ரீசரில் வைத்தார்.

திங்களும் செவ்வாயும் அந்த வீட்டில் கூடை மட்டும்தான் சத்தம் போட்டு ஏறி இறங்கியது. கறிவேப்பிலையைத் திரும்ப நட்டிருந்தார்கள், இலையெல்லாம் தொங்கிப் போயிருந்தது. மதி இருட்டும் நேரம் வந்தாள், வெளிச்சம் வருமுன் போனாள். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், எத்தனை துண்டு சாப்பிட்டேன் என்று. இரண்டு என்றேன். அதற்குப் பிறகு என்னிடமும் பேச்சில்லை. வீட்டு இறுக்கம் தாங்காமல் நான் வுச்சீரியாச் சந்தைப் பக்கம் போய், மாட்டு மண்ணீரலை வதக்கி ரொட்டியில் வைத்துத் தருவதை வாங்கித் தின்றேன். தவக்காலம் எனக்கு இல்லை. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சிரித்துப் பேச ஆள் இல்லாமல் தின்பது தண்டனைதான்.

புதன்கிழமை கூட்டத்துக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் வரிசையில் கண்டிப்பான முகத்தோடு பேராசிரியை. ஒரு மூலையில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அந்த மீனைக் கொடுத்த மீனவர். மதி மேடை ஏறினாள். முழு மீனின் படத்தைக் காட்டினாள். பிறகு தலை, செட்டை, முள், குடலில் இருந்த பாசி. உடல் எங்கே என்று யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள். என் வீட்டில் அதைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், தவறுதலாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டோம் என்றாள். சாப்பிட்டுவிட்டோம் என்று தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

மீனவர்தான் கையைத் தூக்கினார். அவர் கேட்டதைப் பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சொன்னார். "இத்தனை காலம் கடலில் வீசினேனே, எப்படிச் சமைத்தார்கள்?" அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள், பேராசிரியை உட்பட. பேராசிரியை எழுந்து வந்து தலையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், போதும் என்றார், பதிவு செய்யலாம் என்றார். போகும்போது ஒன்று கேட்டார். "முதுகெலும்பில் ஒரு துண்டாவது மிஞ்சியிருக்குமா? இருந்தால் இன்னும் நல்லது."

"வீட்டில் இருக்கிறது" என்றாள் மதி.

நான்கு மாடியையும் ஓடி ஏறினாள். நான் பின்னால் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, என் துண்டு இருக்கா?"

பிலோமினா அக்கா உடனே ஃப்ரீசரைத் திறந்து டப்பாவை நீட்டினார். "இருக்குது பிள்ளை. கொண்டுபோம். போத்தல் கொண்டு வந்தனீரோ?"

"போத்தல் இல்லக்கா. சோறு போடுங்க."

அக்காவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு அவசர அவசரமாக அடுப்பைப் பற்ற வைத்தார். சொதி சூடாகும்போது பால்கனிக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த செடியில் பச்சை மிஞ்சிய ஒரே கொத்தையும் ஒடித்துவந்து போட்டார். தாஸ் அண்ணன் தடுக்க வாயெடுத்தார், பிறகு தட்டை எடுத்து வைத்தார்.

மதி சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவசரமே இல்லை. விரலால் சதையைப் பிரித்து, ஒவ்வொரு முள்ளாகத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அக்காதான் பொறுக்க முடியாமல் உப்புச் சரியோ என்று கேட்டார்.

"கொஞ்சம் கூடக்கா. இந்தக் கடலே உப்பு கூடத்தான்" என்றாள் மதி. அக்கா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பேராசிரியை கேட்ட நடுமுள் ஒரு கண்ணிகூட விடாமல் முழுதாக வந்தது. மதி அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதில் ஒட்டியிருந்த கடைசிச் சதையையும் சூப்பிவிட்டு, கழுவி வைக்கச் சொல்லி அக்காவின் கையில் கொடுத்தாள்.